தோட்டம் இல்லாத இடத்துத் திராட்சை வாசனை

தமயந்தி மேடம் இறந்த செய்தி எனக்குத் தெலுங்கில் வந்தது. அவருடைய தம்பி மகள் ஸ்ருதிக்குத் தமிழ் புரியும், பேச வராது. "ஆன்ட்டி, அத்தை பொத்துன்னே போயாரு" என்றாள். காலையிலேயே போய்விட்டார் என்கிறாள். நான், "எங்க போனாங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாரடைப்பாம். காப்பி கலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சமையல் மேடையில் சாய்ந்துவிட்டாராம்.

குஷாய்குடாவிலிருந்து ஆட்டோ பிடித்துப் போலாரம் போய்ச் சேர்ந்தேன். ராணுவக் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய ஓட்டு வீட்டில் செருப்புகள் வாசல் வரை நிறைந்திருந்தன. உள்ளே கூடத்தை அப்போதுதான் துடைத்திருந்தார்கள், தரை ஈரமாக இருந்தது. வாசற்படியைத் தாண்டியதும் நான் நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். பார்த்தவர்கள் அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் நான் தரையை முகர்ந்துகொண்டிருந்தேன். வெறும் தண்ணீரின் வாசனைதான். அதற்குப் பிறகே என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

நம் துறையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மருந்து ஆய்வாளர். கடைகளிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் மருந்து மாதிரிகளை எடுத்துச் சீல் வைத்து அனுப்புவார். நான் அரசு ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவு. வந்த மாதிரியைச் சோதித்து அறிக்கை தருவேன். மருந்து தரமில்லை என்றால், தயாரித்தவர்மேல் அவர் வழக்குத் தொடுப்பார். அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பம். எங்கள் அப்பா கோவில்பட்டியிலிருந்து இங்கே மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஆக, நாங்கள் இரண்டு பேரும் தமிழ் பேசுவோம், ஆனால் இரண்டு தமிழ்.

முதல் நாள் மாதிரிப் பெட்டியோடு வந்தவர் என் மேஜைமேல் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்றார். "ஆமா, நீங்க?" என்றேன். "ஹவ்" என்றார். தமிழரா என்று கேட்டதற்கு உருதுவில் ஆமாம் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் பெயரைச் சொன்னேன். ஆனாலும் கடைசிவரை அவர் என்னை 'லேப்' என்றே கூப்பிட்டார். "என்ன லேப், சாப்ட்டீங்களா?" என்பார். நானும் கடைசிவரை 'மேடம்' என்பதை விடவில்லை.

ஒரே ஒருமுறை தவிர அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தபோது ஒரு மருந்துக் கடைக்காரர், மாதிரி எடுக்கும்போதே உடைந்து அழுதுவிட்டார். மேடம் சீல் அரக்கு உருக்கும் மெழுகுவர்த்தியை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "அழுது முடிங்க, நான் இருக்கேன்" என்றார். அவர் அழுது முடித்து முகம் கழுவி வந்த பிறகு மறுபடி திரியைப் பற்றவைத்து, அரக்கை உருக்கி, விட்ட இடத்திலிருந்து சீல் வைத்தார். வெளியே வந்து நான் கேட்டதற்கு, "கோபம் வந்தாலும் கோணையாப் போகும், பாவம் பாத்தாலும் கோணையாப் போகும் லேப். சீல் நேரா இருக்கணும்" என்றார்.

ஹைடெக் சிட்டி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நகரம் நாலா பக்கமும் நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. உப்பலைச் சுற்றியிருந்த திராட்சைத் தோட்டங்களை எல்லாம் அதற்கு முன்பே வெட்டி மனை போட்டிருந்தார்கள். அப்படி ஒரு மனையில் கட்டிய சிறிய மருத்துவமனை ஒன்றிலிருந்து புகார் வந்தது. அதன் பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. புகார் எழுதியவர் அங்கே வேலை பார்த்த இளம் பெண் மருத்துவர். பிரசவத்துக்கு அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குத் தையல் ஆறவில்லை. கட்டைப் பிரித்தால் துணியில் மயில்கழுத்து நிறத்தில் கறை. ஒரு பெண் இறந்தே போய்விட்டாள். எந்த மருந்தில் குறை என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

வார்டுக்குள் கால் வைத்ததும் திராட்சை வாசனை அடித்தது என்று மேடம் சொன்னார். வெயிலில் கிடந்த பழப்பெட்டியைத் திறந்தால் வருமே, கனமாக, தித்திப்பாக, அந்த வாசனை. அவர் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்திருக்கிறார். எந்தப் படுக்கைக்குப் பக்கத்திலும் பழம் இல்லை. வாசல் நிலையில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். மருத்துவமனை முதலாளி முந்தின வாரம்தான் ஹோமம் செய்திருந்தார்.

அங்கே வேலை பார்த்த எல்லம்மா என்ற ஆயாதான் காரணம் சொன்னாள். "இது அங்கூர் தோட்டம்மா, திராட்சைத் தோட்டம். கொடியை வேரோட பிடுங்கித்தான் இதைக் கட்டினாங்க. அந்த வாசனை மண்ணைவிட்டுப் போகாது. எந்தக் கட்டில் பக்கம் வாசனை அதிகமா வருதோ, அந்தப் பொம்பளைக்குத் தையல் பிரியும். செத்துப்போன பொண்ணு கட்டில்ல ரெண்டு நாளா வந்துச்சு."

இதை மேடம் என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பா சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகும்போது சாலை ஓரத்தில் பந்தல் பந்தலாக நிற்கும். பழுக்கும் பருவத்தில் சாலையெல்லாம் அதே வாசனைதான். எல்லம்மா சொன்னதை நான் பாதிக்குமேல் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேடம் எல்லம்மாவைக் கிண்டல் செய்யவில்லை, மறுக்கவும் இல்லை. "தோட்டம் போய் ரொம்ப வருஷம் ஆச்சே. வார்டு வந்தும் ரொம்ப வருஷம் ஆச்சு. வாசனை எப்பலேந்து வருது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"இந்த மழைக்கு அப்புறம்தாம்மா. நாங்களும் விடாம துடைக்கிறோம். முன்னாடி ஒரு தடவை துடைப்போம், இப்ப மூணு தடவை. துடைச்சா இன்னும் ஜாஸ்தி வருது."

அதைக் கேட்டதும் மேடம் வார்டின் மூலையில் இருந்த வாளியிடம் போய்க் குனிந்திருக்கிறார். மஞ்சள் கிருமிநாசினி கலந்த தண்ணீர். அதே மருந்தைத்தான் தரைக்கும், கத்திரி ஊறவைக்கும் தட்டுக்கும், புண்ணைக் கழுவவும் பயன்படுத்தினார்கள். வாசனை அந்த வாளியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவர் திறக்காத பாட்டில்களை எடுத்துச் சட்டப்படி நான்கு பங்காகச் சீல் வைத்தார். ஒரு பங்கு மருத்துவமனைக்கு, ஒன்று தயாரித்தவருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று எனக்கு.

கிருமிநாசினியைச் சோதிக்கும் முறை எளிதானது. கிருமி வளரும் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தெரிந்த கிருமிகளைத் தடவி, மேலே மருந்தைச் சொட்டாக விடுவோம். மறுநாள் சொட்டைச் சுற்றி எதுவும் வளராமல் வட்டமாக ஒரு வெற்றிடம் தெரிய வேண்டும். இதில் வெற்றிடம் இல்லை. அது பரவாயில்லை, மருந்தில் சரக்கு குறைவு என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் சொட்டு விழுந்த இடத்தின் நடுவிலிருந்து வேறு ஏதோ வளர்ந்து, நான் தடவியிருந்த கிருமிகளையும் மூடிக்கொண்டு விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தட்டின் மூடியைத் திறந்தேன். திராட்சை வாசனை வந்தது.

உடனே மேடத்துக்குப் போன் செய்தேன். வந்தார். திராட்சை வாசனையோடு புண்ணில் சீழ் வைக்கும் கிருமி ஒன்று உண்டு, அது புற ஊதா விளக்கில் ஒளிரும் என்று பாடத்தில் படித்திருந்தேன். இருட்டறையில் தட்டை விளக்கின் கீழ் வைத்தேன், பச்சையாக எரிந்தது. "அந்தப் பாட்டிலை வைங்க" என்றார் மேடம். கூட வந்த பாட்டில்களில் ஒன்று இன்னும் மூடி திறக்காமல் இருந்தது. வைத்தேன். சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகு பாட்டில் முழுவதும் மங்கலான பச்சை தெரிந்தது, கழுத்தருகே அடர்த்தியாக ஒரு வளையம். மூடிய பாட்டில், மனிதக் கை படாத மருந்து. யாராவது பேசினால் அது கேட்டுவிடும் என்பதுபோல் இருந்தது.

"லைட்டைப் போடுங்க லேப்" என்றார். "கொல்றதுக்குன்னு லேபிள் ஒட்டியிருக்கு. உள்ள அது குடும்பம் நடத்திட்டிருக்கு."

தொழிற்சாலை உப்பலைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் இருந்தது. அங்கே நான் போகவில்லை, மேடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். வாசலில் பங்குதாரர் கைகூப்பி வரவேற்றாராம். மெதுவாகப் பேசுகிற, பார்க்க மரியாதையான மனிதர். உள்ளே வெள்ளை கோட்டுப் போட்டவர்கள் இயந்திரங்களின் பக்கத்தில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். எந்த இயந்திரத்திலிருந்தும் சத்தம் இல்லை. மேடம் கலவைத் தொட்டியின் உள்பக்கம் விரலை வைத்து இழுத்தார், தூசி வந்தது. "ஓட்டிக் காட்டுங்க" என்றார். "கரண்ட் இல்லையே மேடம்" என்றார் பங்குதாரர். அவர்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஷெட்டின் பின்பக்கம் தகரக் கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. சிமென்டுத் தொட்டி ஒன்றைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்தார்கள். நிலத்தடித் தொட்டித் தண்ணீரில் மஞ்சள் சாயமும் பேருக்குக் கொஞ்சம் மருந்தும் கரைத்து, மக்கில் மொண்டு, புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேடத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி மரியாதைக்கு எழுந்து கும்பிட்டாள். கும்பிட்ட கையில் நகங்கள் பச்சையாக இருந்தன.

மேடம் மற்றவர்கள் கைகளையும் பார்த்தார். எல்லாருக்கும் பச்சை.

"என்னம்மா நகம்?"

"சாயம் மேடம்" என்றாள் ஒருத்தி.

"சாயம் மஞ்சள்தானே?"

அவர்கள் தங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்களாம், முதல்முறை பார்ப்பதுபோல. சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பின்னால் வந்து நின்ற பங்குதாரர், "எங்க வீட்லயும் இதைத்தான் யூஸ் பண்றோம் மேடம்" என்றார். அவர் நகங்கள் சுத்தமாக இருந்தன என்றார் மேடம். வழக்குக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துச் சீல் வைத்த பிறகு, அந்தப் பெண்களைத் தன் செலவில் ஆட்டோ வைத்துத் தோல் மருத்துவரிடம் அனுப்பினார். மறுநாள் ஷெட் பூட்டிக் கிடந்தது.

கடைகளில் இருந்த சரக்கைத் திரும்பப் பெற உத்தரவு போனது. மருத்துவமனையில் மிச்சம் இருந்ததையும் கைப்பற்றியாயிற்று. அந்த மருத்துவமனையில் இறந்துபோன பெண்ணின் பெயர் சுஜாதா. அவள் கணவரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும், சாட்சிக்கு ஒருவர் கூட வர வேண்டும் என்று மேடம் கேட்டதால், சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். அவர் பெயர் மல்லேஷ், கால் சென்டர் ஆட்களைக் கூட்டிப்போகிற கார் ஓட்டுபவர். உப்பலில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கதவு திறந்திருந்தது.

வாசலிலேயே நாங்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். அந்த வாசனை தெருவரை வந்தது.

மல்லேஷ் முட்டிபோட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளி. சுஜாதா பெற்றுவிட்டுப்போன பெண் குழந்தை அந்த ஈரத் தரையில் தவழ்ந்து வந்து எங்களைப் பார்த்து உட்கார்ந்தது. ஈரக் கையை வாயில் வைத்துக்கொண்டது.

"நக்கோ! நக்கோ பேட்டா, நக்கோ!" என்று மேடம் கத்தினார். வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே செருப்போடு உள்ளே ஓடிக் குழந்தையைத் தூக்கினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மல்லேஷ் பயந்து எழுந்து நின்றார். "என்ன மேடம்? கைக்கு? ஏன்? நான் சுத்தமாத்தானே வெச்சிருக்கேன்?" என்று தெலுங்கும் உருதுவுமாகக் கேட்டார். "குழந்தை இருக்கிற வீடு, சுத்தமா வைக்கணும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவங்க என்ன மருந்து வெச்சுத் துடைச்சாங்களோ அதையே அப்பவே ஒரு பெட்டி கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி மருந்து மேடம், நல்ல மருந்து." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுல துடைச்சா அவ இருக்கிற மாதிரி இருக்கு. கடைசி நாள்ல அவகிட்ட இந்த வாசனைதான் வந்துச்சு."

மேடம் குழந்தையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கை, கால், வாய் எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். குழந்தை குளிரில் அழுதது. அதைத் தன் புடவையில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மல்லேஷை வாசற்படியில் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாசனை எது என்று அவருக்குச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது. நான் குழந்தையோடு தெருமுனைவரை போய்விட்டேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது மல்லேஷ் வாளியைத் தொடப் பயந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையை அன்றே பெரிய மருத்துவமனையில் காட்டினோம். சில நாள் காய்ச்சல் அடித்தது, பிறகு தேறிவிட்டது.

வழக்கு தொடங்கியது. இந்த மாதிரி வழக்குகள் எப்படிச் சாகும் என்பது நம் துறையினருக்குத் தெரியும். குற்றம்சாட்டப்பட்டவர் என் அறிக்கையை மறுத்து, நீதிமன்றத்திடம் உள்ள மாதிரியை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அது அவர் உரிமை. அதற்குள் மருந்தின் காலாவதித் தேதி தாண்டிவிட்டால் அவர் உரிமை பறிபோனதாகச் சொல்லி வழக்கே விழுந்துவிடும். ஆகவே வாய்தாவுக்குமேல் வாய்தா வாங்குவார்கள். மேடம் ஒரு வாய்தாவும் விடவில்லை. வேறு மாவட்டத்துக்கு அவரை மாற்றினார்கள், அங்கிருந்தும் பஸ் பிடித்து வந்தார்.

அந்தக் காலத்தில்தான் கூடைகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் போலாரம் வீட்டுக் கேட்டில் ஒரு கூடை தொங்கும். நிறையத் திராட்சை. சீட்டு எதுவும் இருக்காது. யார் கொண்டுவந்தார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. என் அறிக்கையில் வாசனையைப் பற்றி எழுதியிருந்தேன், அந்த அறிக்கையின் நகல் எதிர்த்தரப்பிடம் இருந்தது. எங்களால் யூகிக்கத்தான் முடிந்தது. அரசு வழக்கறிஞரிடம் மேடம் சொன்னார். "பழம் கொடுத்தான்னு என்னன்னு கம்ப்ளெயின்ட் எழுதறது?" என்றார் அவர்.

ஒருமுறை மேடம் கூடையை அப்படியே என் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். "பாருங்க லேப்" என்றார். நான் தெரிந்த சோதனை எல்லாம் செய்தேன். மறுவாரம் வந்தபோது, "ஒண்ணும் இல்ல மேடம். நல்ல பழம். கழுவித் தின்னலாம்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்றார்.

அவருக்குப் பயம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். வாய்தாவுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

காலாவதித் தேதி நெருங்கியபோது அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்குவிசாரணை செய்தார்கள். நானும் சாட்சியாகக் காத்திருந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தி, மாதிரியை மேடம் ஒழுங்காக எடுக்கவில்லை, மருத்துவமனைக்காரர்களே தண்ணீர் கலந்திருப்பார்கள் என்றார். மாஜிஸ்டிரேட் வயதானவர், பொறுமைசாலி. நீதிமன்றத்திடம் உள்ள பங்கைக் கொண்டுவரச் சொன்னார். சீல் சரியாக இருக்கிறதா என்று இரு தரப்பும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, மேல்காகிதத்தைப் பிரித்தார்கள். பாட்டிலின் வாயில் தயாரிப்பாளரின் சீல் அப்படியே இருந்தது. மாஜிஸ்டிரேட் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

மஞ்சள் திரவத்துக்குள் வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய துணியைக் கிழித்துப் போட்டதுபோல். அவர் பாட்டிலைத் திருப்பியதில் அது மெதுவாகப் புரண்டது. புரண்டுவிட்டு மறுபடி தன் இடத்தில் நின்றது. மாஜிஸ்டிரேட் பாட்டிலைக் கொஞ்சம் வேகமாகவே மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நாள் வைத்திருந்தால் எதுவும் கெட்டுத்தான் போகும்" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

மேடம் மாஜிஸ்டிரேட்டைப் பார்த்தார். வழக்கமான குரலைவிட இன்னும் தாழ்ந்த குரலில் பேசினார். அங்கே பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். "ஐயா, பால் கெட்டுப்போகும், பழம் கெட்டுப்போகும். கெட்டுப்போகாமல் தடுக்கத்தான் இந்த மருந்தை வாங்குகிறோம். இதுவே கெட்டுப்போனால், மனிதர்கள் எதை வைத்துக் கழுவிக்கொள்வது?"

எல்லார் கண்ணும் மேஜைமேல் இருந்த பாட்டிலில்தான் இருந்தது. அன்றைக்கே அதை மத்திய ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவானது. தேதிக்குள் போய்ச் சேர்ந்தது. என் அறிக்கையில் இருந்ததே அந்த அறிக்கையிலும் இருந்தது. பங்குதாரருக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் கிடைத்தன. அவர் மேல்முறையீடு செய்தார். அது வருடக்கணக்கில் நடந்து, தண்டனை உறுதியாகி, அவர் உள்ளே போனார். தீர்ப்புக்குப் பிறகு கேட்டில் கூடை வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் பிறகு எந்தப் பண்டிகைக்கும் திராட்சை வாங்கவில்லை என்று ஸ்ருதி சொன்னாள். பாயசத்தில் போடுகிற உலர்திராட்சைகூடக் கிடையாதாம்.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது பெண்கள் விடுதி இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிறார்கள். சிமென்டுத் தொட்டியை இடித்தார்களா, மேலேயே தளம் போட்டுவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. சுஜாதாவின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சாவு வீட்டுக்கு மல்லேஷ் அவளைக் கூட்டிவந்திருந்தார். அவளுக்கு விவரம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மேடத்தின் காலைத் தொட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

மேடம் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் சின்னதாக ஒரு பிரிவு உபசாரம் நடந்தது. உங்களில் சிலர் இருந்தீர்கள். பேசச் சொன்னோம், அவருக்குப் பேச்சு வராது. எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சமோசா தட்டோடு நான் பக்கத்தில் போய், "இத்தனை வருஷம் எப்படி மேடம் சலிக்காம செஞ்சீங்க?" என்று கேட்டேன். சம்பிரதாயமாகக் கேட்டதுதான். அவர் யோசித்துப் பதில் சொன்னார்.

"மாதிரி எடுக்கறப்ப எல்லாம் என் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்கும் லேப். சின்ன வயசுல இல்ல, வேலைக்கு வந்தப்புறம்தான். திரும்பிப் பாத்தா இருக்க மாட்டாங்க. செத்தவங்கன்னு நினைச்சு முதல்ல பயந்தேன். அப்புறம் புரிஞ்சுது. செத்தவங்க இல்ல. இந்தப் பாட்டிலை நல்லதுன்னு நம்பி வாங்கப்போறவங்க. அவங்க இன்னும் வாங்கல. அதான் எனக்கு அவசரம்."

சொல்லிவிட்டுச் சமோசாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் இன்னும் பணியில் இருக்கிறேன். அவர் போன மறுவாரம் ஆய்வகத்தில் ஒரு மாதிரியின் சீலை உடைக்க உட்கார்ந்தேன். கத்தியைக் கையில் எடுத்தபோது என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். நான் திரும்பவில்லை. மேடத்திடமிருந்து எனக்கென்று வந்தது அந்த ஆள்தான். ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த ஊர் என்று தெரியாது. பொறுமையாக நிற்கிறார், பாட்டிலைத்தான் பார்க்கிறார். இன்னும் வாங்கவில்லை.